மிஞ்சக் கூடாத மூட்டை

பணி அனுபவம் எழுதுவதென்றால் தலை நரைத்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. பரவாயில்லை. விவசாயம் படித்துவிட்டு வேலைக்கு வரப்போகிற தம்பி தங்கைகள் எனக்கு மெசேஜ் போட்டு, "அக்கா, ஃபீல்டு வேலை ஜாலியா இருக்குமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் செய்யப் பொறுமை இல்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதில் கீழே இருக்கிறது.

1. படுத்துவிட்டது

காலையில் நான் ஜோகூர் மாநிலத்துக் கூலாய் ஊரில் இருக்கும் எங்கள் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சாஆ என்ற ஊரிலிருந்து ஆரோக்கியம் அக்கா ஃபோன் அடித்தார். அவர் எங்கள் கம்பெனியின் ஆலோசனையில் மக்காச்சோளம் போடுகிற விவசாயி. வழக்கமாக ஃபோனை எடுத்ததுமே என்னைத் திட்டுவார். அன்று திட்டவில்லை. அதிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

"துர்கா, எங்க இருக்க?"

"வீட்லதான்கா. ஏன்?"

"படுத்துருச்சு."

"யாருக்கா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களா?"

"அடியேய், சோளம்டி. மேல் பிளாக்கு. மொத்தமும்."

ஹைவேயில் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே நினைவில்லை. போய்ப் பார்த்தால், முந்தின நாள் மழையிலும் காற்றிலும் மேல் பிளாக்கு முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, ஈரத் தலையைச் சீப்பால் வாரிவிட்டதுபோல. கதிர்கள் சேற்றில். சில கதிரின் தோலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மணி சூடாக, வழவழவென்று இருந்தது. இன்னும் சில நாள் போனால் பூஞ்சைதான்.

அதற்குக் கீழே இருந்த பிளாக்கு ஒன்றும் ஆகாமல் நின்றது. குட்டையாக, இலை ஓரமெல்லாம் மஞ்சளாக, பார்க்கவே சகிக்காது. நான்தான் அதற்குத் "தோத்தாங்குளி" என்று பேர் வைத்திருந்தேன். தோத்தாங்குளி நின்றது. என் செல்லப்பிள்ளை படுத்துக் கிடந்தது.

ஆரோக்கியம் அக்கா பாரிட் ஓரத்தில், அதாவது வடிகால் கரையில், காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மில்லுக்காரங்க இந்த வாரம் வராங்க," என்றார். "எதக் காட்டுறது? இதையா?"

2. கோதுமை படித்தவள்

கொஞ்சம் பின்னால் போகிறேன். இல்லையென்றால் உங்களுக்குப் புரியாது.

யூனிவர்சிட்டியில் எங்களுக்கு ஊட்ட மேலாண்மை என்று ஒரு பாடம் இருந்தது. அதில் வந்த உதாரணமெல்லாம் மக்காச்சோளமும் கோதுமையும் மாறி மாறிப் போடுகிற நிலம். ஒரு பயிர் மண்ணிலிருந்து எடுத்ததை அடுத்த பயிருக்குமுன் எப்படித் திருப்பி வைப்பது, முந்தின பயிர் விட்டுப்போனதை எப்படிக் கழித்துக்கொள்வது. நன்றாகத்தான் படித்தேன். ஆனால் ஜோகூரில் கோதுமையை ரொட்டி சானாயாக மட்டுமே பார்க்க முடியும்.

இங்கே சோளத்துக்கு மாற்றுப் பயிர் கச்சான், நிலக்கடலை. சோளம் ஒரு போகம், கச்சான் ஒரு போகம். கணக்கு இன்னும் சுலபம். கச்சான் வேர் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து வைக்கும். கொடியை அங்கேயே உழுதுவிட்டால் பின்னால் வரும் சோளத்துக்கு யூரியா குறைவாகப் போதும். மிச்சமாகும் காசில் பொட்டாஷும் சுண்ணாம்பும் வாங்கலாம். தண்டுக்குப் பலம் தருவது பொட்டாஷ்தான். நைட்ரஜன் ஏறி, பொட்டாஷ் குறைந்தால் பயிர் ஜிம்முக்குப் போகாமல் புரோட்டீன் பவுடர் மட்டும் குடித்தவன்மாதிரி ஆகிவிடும். ஆள் பெரிதாகத் தெரிவான். தள்ளினால் விழுவான்.

ஆரோக்கியம் அக்காவின் நிலத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். கச்சான் கொடியைப் பிடுங்கி மாட்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். சோளத் தட்டையைக் கொளுத்திவிடுவார்கள். முன்னால் என்ன பயிர் இருந்தாலும் யூரியா மட்டும் அதே அளவு. பொட்டாஷ் பேருக்கு.

முதல் நாள் நான் மண் எடுக்கும் குழாயோடு போய் இறங்கியதும் அக்கா என்னையும் என் ஷூவையும் மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் அந்த நிபுணரா? சப்பாத்து புதுசா இருக்கே."

"நேத்துதான் வாங்குனேன்கா."

"அப்ப நிபுணரும் நேத்துதான் வந்திருக்கு."

எனக்குப் பிடித்துவிட்டது. நானும் விடவில்லை. "உங்க சோளமும் சாகப்போற மாதிரிதான்கா இருக்கு," என்றேன். அவர் சிரித்துவிட்டு எனக்குத் தே ஓ, பால் ஊற்றாத டீ, ஊற்றிக் கொடுத்தார்.

அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்த விஷயமும் அதில்தான் நிற்கிறது. அக்கா பல வருடம் சிங்கப்பூரில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். எல்லைக்கு இந்தப் பக்கம் ஜேபியில் ஒரு ரூம். விடிவதற்குமுன் சிங்கப்பூருக்குப் போகிற பாலம் தாண்ட வேண்டும், இருட்டிய பிறகு திரும்ப வேண்டும். மகள் ஸ்டெல்லா சாஆவில் சித்தி வீட்டில் வளர்ந்தாள். ஒரு சண்டே வீட்டுக்கு வந்தபோது அந்தப் பிள்ளை இவரைப் பார்த்து, "ஆண்டி, தண்ணி வேணுமா?" என்று கேட்டிருக்கிறது. அந்த மாதமே வேலையை விட்டார். சேர்த்த காசையெல்லாம் போட்டு, செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, மரங்களை வெட்டி மறுநடவுக்குக் காத்திருந்த தோட்ட நிலத்தில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்தார்.

குத்தகை முடியப்போகிறது. கால்நடைத் தீவன மில் ஒன்று, சோளம் நன்றாக வந்தால் நீண்ட கால கான்ட்ராக்ட் தருகிறோம் என்றது. அந்த கான்ட்ராக்ட் இருந்தால் நிலத்துக்காரக் கம்பெனி குத்தகையை நீட்டும். இல்லாவிட்டால் செம்பனைக் கன்று நட்டுவிடுவார்கள்.

"கான்ட்ராக்டு கிடைக்கலனா எனக்குப் பாலம்தான்," என்றார் அன்றைக்கு. "இனிமே அந்த கியூவுல நின்னா செத்துருவேன்டி."

"கிடைக்கும்கா," என்றேன். அந்த வயதில் நம் வாயிலிருந்து அப்படித்தான் வரும்.

3. சிவப்பு ரஃபியா

சோதனைக்கு மேல் பிளாக்கைக் கேட்டேன். கச்சான் கொடியை உழுதுவிட வேண்டும், சுண்ணாம்பு போட வேண்டும், பொட்டாஷைக் கூட்ட வேண்டும், யூரியாவைக் குறைக்க வேண்டும். கீழ் பிளாக்கில் எல்லாம் பழைய மாதிரி. அறுவடையின்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மில்லுக்காரர்களுக்குக் காட்டலாம்.

மற்றதற்கெல்லாம் அக்கா தலையாட்டினார். யூரியாவுக்கு மட்டும் முகம் மாறியது.

"கொறைக்கிறதா? எல்லாரும் கூட்டச் சொல்லிதான்டி கம்பெனியிலேர்ந்து வருவாங்க. நீ என்ன மூட்டைய விக்க விடமாட்டேங்குற?"

"மண்ணுலயே இருக்குக்கா. இருக்கறதுக்கு மேல போட்டா வெறும் இலைதான் வரும்."

"என்னமோ போ. படிச்சவ சொல்ற."

உரம் போடுகிற கேங்குக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி, செல்வம் அண்ணன். ஆறேழு பேர், எல்லாரும் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். இப்போது யார் கூப்பிட்டாலும் போய்ப் போட்டுக்கொடுப்பார்கள். அவ்வளவு சுத்தமான வேலை. வரிசை தப்பாது. ஒரு செடி விடுபடாது. வேலை முடிந்ததும் காலி மூட்டைகளைப் பாரிட்டில் கழுவி, காயவைத்து, கட்டாகக் கட்டி ஸ்டோரில் அடுக்கிவிடுவார்கள். எனக்கு அதைப் பார்த்து ஒரே ஆச்சரியம். வீட்டில் நான் காபி குடித்த கிளாஸைக்கூடக் கழுவியதில்லை.

சோளம் முழங்கால் உயரம் வந்ததும் மேலுரம் போடுகிற நாள். டிராக்டர் வழக்கம்போல ஒவ்வொரு பிளாக்கு ஓரத்திலும் அதே அளவு மூட்டைகளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. மேல் பிளாக்கில் மிஞ்ச வேண்டிய மூட்டைகளைத் தனியாக ஒதுக்கி, ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு ரஃபியாக் கயிறு கட்டினேன். எவ்வளவு புத்திசாலி பாருங்கள்.

"அண்ணே, செவப்பு கட்டுனது வேணாம். ஸ்டோருக்குத் திரும்பிப் போகணும். அடுத்த போகத்துக்கு."

"சரி மிஸ்."

"மறந்துடாதீங்க."

"கயிறு கட்டிருக்கே மிஸ், எப்படி மறக்கும்?"

நான் காடியில், அதாவது காரில், ஏறி அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். மறுநாள் வந்து பார்த்தேன். பிளாக்கு ஓரம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சிவப்புக் கயிறு மூட்டை ஒன்றும் இல்லை. சூப்பர், ஸ்டோருக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டேன். அந்த செல்ஃபி இன்னும் ஃபோனில் இருக்கிறது.

4. அப்படி ஒரு பச்சை

அடுத்த சில வாரம் என்னைப் பிடிக்க முடியவில்லை. மேல் பிளாக்கு திமுதிமுவென்று ஏறியது. இலை அகலமாக, கருகருவென்று பச்சை. எங்களிடம் இலை நிறம் பார்க்கிற அட்டை ஒன்று உண்டு, வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சைவரை கட்டங்கள். இலையை வைத்துப் பார்த்தால் கடைசிக் கட்டத்தையும் தாண்டி இருந்தது. யூரியா குறைத்த பிளாக்கு! கச்சானின் மகிமை! என்னுடைய மகிமை!

ஆபீசில் மேனேஜர் நாதன் சாரிடம் படங்களைக் காட்டினேன். அவர் சிலோன்காரர். மூன்று தலைமுறையாக இங்கே இருந்தாலும் பேச்சில் மட்டும் கடல் தாண்டாதவர். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"கச்சான் இவ்வளவு குடுக்குமோ பிள்ளை?"

"கொடியையும் உழுதோம்ல சார்."

"அது சரி. ஆனா இது கொஞ்சம் கூடின பச்சையா எல்லோ கிடக்கு. தண்டை அமத்திப் பாத்தனீரோ?"

"சார், நீங்க நல்ல விஷயத்த நம்பவே மாட்டீங்களா?"

அவர் சிரித்தார். படத்தைத் திரும்பப் பார்த்தார். நல்ல படம். அந்த வாரமே மில்லுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். அனுப்பினேன். தண்டை அமுக்கிப் பார்க்க யாரும் போகவில்லை.

ஆரோக்கியம் அக்காவும் அந்தப் பச்சையில் மயங்கித்தான் போனார். ஸ்டெல்லாவைக் கூட்டிவந்து பிளாக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். "இது மட்டும் நின்னு அறுத்துட்டா, சேர்ச்சுக்கு ஒரு மூட்ட சோளம்," என்றார்.

"எனக்கு?"

"உனக்குப் பழைய சப்பாத்து ஒண்ணு வாங்கித் தரேன். புதுசுல ராசி இல்ல."

5. ஸ்டோர்

இப்போது படுத்த நாளுக்கு வருகிறேன்.

பாரிட் ஓரத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். எனக்கு ஒரு யோசனை வந்தது. சாய்ந்ததற்குக் காரணம் காற்றுதான், எங்கள் முறை இல்லை என்று மில்லுக்காரர்களை நம்பவைக்க வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் ஸ்டோரில் இருக்கிறது. போடாமல் மிச்சம் வைத்த யூரியா, சிவப்புக் கயிறோடு. "பாருங்க, எவ்வளவு கம்மியா போட்டிருக்கோம்" என்று காட்டலாம்.

ஓடினேன். ஸ்டோர்க் கதவைத் திறந்தேன். ஒரு மூலையில் மருந்து டின், ஸ்ப்ரே பம்பு. இன்னொரு மூலையில் கழுவி மடித்த காலி மூட்டைகள், கட்டுக் கட்டாக. நிறைந்த மூட்டை ஒன்றுகூட இல்லை.

காலி மூட்டைக் கட்டுகளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிறு சிவப்பு ரஃபியா.

 என் கையால் போட்ட முடிச்சை அவிழ்த்து, வீணாக்காமல், அழகாகத் திரும்பக் கட்டியிருந்தார்கள்.

செல்வம் அண்ணன் வெளியே சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நெறஞ்ச மூட்டைங்க எங்க?"

"எந்த மூட்ட மிஸ்?"

"செவப்புக் கயிறு கட்டுனேன்ல? அது."

"ஓ, அதுவா? அதெல்லாம் அன்னைக்கே முடிச்சாச்சு மிஸ்." அவர் முகத்தில் ஒரு பெருமைகூடத் தெரிந்தது.

"எங்க முடிச்சீங்க?"

"மேல் பிளாக்குலதான். அந்த பிளாக்கு மூட்டைய வேற பிளாக்குல போட்டா கணக்கு கொழம்பிடும்ல?"

அலமாக். குறைக்க வேண்டிய இடத்திலேயே எல்லாம் போய் விழுந்திருக்கிறது. கச்சான் கொடுத்த நைட்ரஜனுக்கு மேல், முழு யூரியா; கூட்டிய பொட்டாஷாலும் அதைத் தாங்க முடியவில்லை. அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நான் கத்திவிட்டேன். "நான் வேணாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மிஸ். நான் இல்லேங்கல."

"அப்புறம்?"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நீங்க சொல்லிட்டு காடியில ஏறிப் போய்ட்டீங்க. சாயங்காலம் சாக்கு கழுவ பொம்பளைங்க வந்தாங்க. நெறஞ்ச மூட்ட ஓரமா குந்திக்கிட்டு இருக்கு. எவன் தூங்குனான் மண்டோரே, எந்த வரிசைய விட்டீங்கன்னு கேக்குறாங்க. தோட்டத்துல ஒரு மூட்ட மிஞ்சுனா என்னாகும் தெரியுமா? கணக்கு பாக்குற கிராணி அந்த மூட்டைய தலையில தூக்கி வெச்சு ஆபீசு வாசல்ல நிக்க வெப்பான். எங்கப்பாவ நிக்க வெச்சிருக்கான். நான் சின்னப்புள்ள, பாத்துக்கிட்டு நின்னேன்."

"இது தோட்டம் இல்லண்ணே. இங்க கிராணி இல்ல."

"நீங்க சொல்லுவீங்க. நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்க. மூட்ட இருக்கும்."

எனக்குப் பின்னால் ஆரோக்கியம் அக்கா வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். அவர் செல்வம் அண்ணனைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், திட்ட வேண்டும் என்று விரும்பினேன்.

அவர் காலி மூட்டைக் கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"அன்னைக்கு சாயங்காலம் நான் வந்தேன்டி," என்றார். "காலி சாக்கெல்லாம் வேலியில காயுது. ஒண்ணு கொறையல. பாத்ததும் அப்படியே மனசு நெறஞ்சு போச்சு. நல்ல ஆளுங்கன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போய்ட்டேன். மிஞ்சணும்னு நீ சொன்னது எனக்கும்தான் தெரியும். ஞாபகமே வரல பாரு. நானும் அந்தத் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவதானே."

ஆக, அந்தக் காலி இடத்தை மூன்று பேரும் பார்த்திருக்கிறோம். செல்வம் அண்ணனுக்கு அது முடிந்த வேலை. அக்காவுக்கு நல்ல ஆட்கள். எனக்கு ஒரு செல்ஃபி.

6. ரஹீம் பாய்

மில்லின் கொள்முதலைப் பார்ப்பவர் ரஹீம் பாய். சொந்த ஊர்ப் பக்கம் சோளம் வாங்கி விற்ற குடும்பமாம். கதிரைக் கையில் எடுத்தாலே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். நாதன் சாரும் உடன் வந்திருந்தார். செல்வம் அண்ணனும் கேங்கும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள், படுத்த சோளத்திலிருந்து தேறிய கதிர்களைப் பொறுக்கிக்கொண்டு.

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. யூரியா குறையாமல் முழுதாகப் போனதையும், ஏன் போனது என்பதையும் அப்படியே சொன்னேன். முறை தப்பில்லை, முறைப்படி நடக்கவில்லை, அவ்வளவுதான் என்றேன்.

ரஹீம் பாய் பொறுமையாகக் கேட்டார்.

"நம்புறேன் தங்கச்சி. நீங்க பொய் சொல்ற ஆளு மாதிரி தெரியல. ஆனா எனக்கு லாரியில வர்றது உங்க முறை இல்ல. சோளம்தான் வருது."

"ஒரு போகம் கொடுங்க பாய். நிரூபிக்கிறேன்."

அவர் அக்கா பக்கம் திரும்பினார். "அம்மா, ஒண்ணு செய்யலாம். மேல சொல்லி ஒரு போகம் நான் வாங்கித் தரேன். உங்க குத்தகைக்கும் லெட்டர் தர சொல்றேன். ஆனா அந்த கேங்க மாத்தணும். வேற ஆளுங்க, நாங்க அனுப்புறோம். சொன்னத மட்டும் செய்றவங்க."

எனக்கு மூச்சு வந்தது. ஒரே ஒரு வார்த்தை. அக்கா "சரி" என்றால் போதும். நிலம் இருக்கிறது, ஸ்டெல்லா இருக்கிறாள், பாலம் இல்லை. நான் அக்காவின் கையை அழுத்தினேன்.

அக்கா செல்வம் அண்ணன் இருந்த பக்கம் பார்த்தார். அவருக்கு நாங்கள் பேசுவது கேட்கவில்லை. குனிந்து, ஒவ்வொரு கதிராகச் சேற்றைத் துடைத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சொன்னதச் செய்யாததுக்கு அவங்கள மாத்தணும்னா, அந்த சாக்கப் பாத்து சந்தோஷப்பட்டதுக்கு என்னையும்தான் மாத்தணும் பாய்," என்றார்.

"அம்மா, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியும் பாய். மில்லு மாத்துன கேங்குனு பேரு வந்துட்டா, இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு தோட்டத்துல இவங்களச் சேக்க மாட்டாங்க. ஒரு மூட்டைக்காக ஒருத்தன வாசல்ல நிக்க வெச்சது போதும்."

நாதன் சார் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் யோசிச்சு, நாளைக்குச் சொல்லுங்கோவன்."

"யோசிச்சுட்டேன் சார்."

காடிக்குத் திரும்பும்போது நான் அக்காவிடம் கத்தினேன். ரஹீம் பாய் கேட்டாலும் கேட்கட்டும் என்று கத்தினேன். "பெரிய தியாகி நீங்க! ஸ்டெல்லாவ நெனச்சுப் பாத்தீங்களா?"

அவர் நின்றார். என்னை அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"அவளத்தான் நெனச்சேன்," என்றார். "போடி. போய் பசியாறு. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீ."

7. அதற்கப்புறம்

அதற்கப்புறம் ஏதாவது நல்லது நடந்திருக்கும் என்று எதிர்பார்த்தால், மன்னிக்கவும். ஒன்றும் நடக்கவில்லை.

மில் வேறு இடத்தில் சோளம் தேடிக்கொண்டது. குத்தகை முடிந்தது. மண்ணை வெட்டி, மேல் பிளாக்கிலும் கீழ் பிளாக்கிலும் செம்பனைக் கன்று நட்டார்கள். கச்சான் சேர்த்துவைத்த நைட்ரஜனும், நான் சண்டை போட்டு வாங்கவைத்த சுண்ணாம்பும் பொட்டாஷும் எல்லாம் இப்போது அந்தக் கன்றுகளுக்குள் இருக்கின்றன. நன்றாக வளர்கின்றனவாம்.

செல்வம் அண்ணனின் கேங்கும் நிலைக்கவில்லை. அக்காவின் நிலம் போனதும் அவர்களுக்குத் தொடர் வேலை இல்லை. இரண்டு பேர் செடெனாக் பக்கம் கட்டுமான வேலைக்குப் போனார்கள். மற்றவர்கள் எங்கே என்று எனக்குத் தெரியாது. அக்கா யாரைக் காப்பாற்றுவதற்காகத் தன் நிலத்தை விட்டாரோ, அவர்களுக்கு அது தெரியாது. செல்வம் அண்ணன் கடைசியாகப் பார்த்தபோது என்னிடம், "அக்கா நல்லவங்கதான் மிஸ், ஆனா வெவசாயம் அவங்களுக்கு ஒத்து வரல," என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அக்கா சத்தியம் வாங்கியிருந்தார்.

அக்கா பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு பழைய ஃபேக்டரிக்கே போய்விட்டார். ஸ்டெல்லா திரும்பவும் சித்தி வீட்டில். சில நாள் பாலத்துக் கியூவில் நின்றுகொண்டு எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் காதைக் கிழிக்கும். "செத்துருவேன்னு சொன்னேன்ல? சாகல பாரு. அதான் கொடும," என்று ஒரு தடவை சொன்னார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் திரும்பப் போட்டுக் கேட்டதில்லை.

இனி பாடம். இந்த மாதிரிக் குறிப்பில் கடைசியில் பாடம் வேண்டுமாம், எழுதித் தொலைக்கிறேன். ஒரு பயிருக்கு எவ்வளவு உரம் என்று கணக்குப் போட யூனிவர்சிட்டி கற்றுக்கொடுக்கும். அதை ஒழுங்காகப் படியுங்கள். ஆனால் நிலத்தில் இறங்குமுன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கையில் இருப்பதைப் போடாமல் திரும்புகிறவனுக்கு இங்கே என்ன நடக்கும்? அவனுக்கு அவமானம் என்றால், உங்கள் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் அது மண்ணுக்குள் இறங்காது. ஊட்ட மேலாண்மை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எந்தப் புத்தகத்திலும் அந்த அத்தியாயம் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

நான் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். போன மாதம் புது இடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள், கூலாய்க்கு உள்பக்கம். அங்கேயும் சோளம், கச்சான். அங்கேயும் தோட்டத்திலிருந்து வந்த கேங்கு. இந்த முறை நான் காடியில் ஏறவில்லை. கயிறும் கட்டவில்லை. எல்லாரையும் மர நிழலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நிதானமாகக் கேட்டேன்.

"ஒரு மூட்ட மிஞ்சிப்போச்சுன்னு வெச்சுக்குங்க. உங்கள யாரு ஏசுவாங்க? பயப்படாம சொல்லுங்க. நான் அவங்ககிட்ட பேசுறேன்."

 ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களில் மூத்த பெண் ஒருவர், நான் ஏதோ அவர்களைச் சந்தேகப்பட்டுவிட்டதுபோல முகம் வாடி, எழுந்து நின்றார்.

"அப்படிலாம் மிஞ்சாது மிஸ்," என்றார். "நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல."